பழைய ரிப்போர்ட்டும் புதிய கட்டியும்

சினைப்பைப் புற்றுநோய் மூளைக்குப் பரவுவது அபூர்வம். நோய் வந்த நூறு பெண்களில் ஒருவருக்கோ இருவருக்கோதான் அது நேர்கிறது. இந்த நோய்க்குப் பழகிய இடம் வயிறு. குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் படியும், நீர் கட்டும், அடங்கியது போலிருந்து அங்கேயே மறுபடி முளைக்கும். 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு இது புதிதாக வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் மூளை வரை போவது சில நூறு பேருக்குத்தான். இவ்வளவு சிறிய கூட்டத்தை வைத்து ஒரு மருத்துவ வழக்கத்தை எடைபோடலாமா என்றால், போடலாம் என்பேன். சினைப்பைப் புற்றுநோயில் நாம் மரபணுப் பரிசோதனையைக் கையாளும் முறை எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பது இவர்களிடத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது. குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்பது, உண்டு என்றால் ரத்தம் எடுத்து அனுப்புவது, வந்த ரிப்போர்ட்டைக் கோப்பில் வைத்துவிட்டு நோயின் மீதிப் பாதை முழுவதையும் அந்தத் தாளை வைத்தே படிப்பது என்பதுதான் நம் வழக்கம். இதில் ரத்தப் பரிசோதனை மட்டும் பழுதில்லாதது. அதற்கு முன்னால் நிற்கும் கேள்வியும் அதற்குப் பின்னால் வரும் வாசிப்பும் திருத்தப்பட வேண்டியவை.

பரிசோதனையின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்துபோனால் பிழையில்லாமல் ஒட்டவைக்கும் வேலையில் பிராக்கா-1, பிராக்கா-2 என்ற இரு மரபணுக்களுக்கும் பங்குண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் சினைப்பையிலும் மார்பகத்திலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எண்பது வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிராக்கா-1 பழுதுள்ளவர்களுக்கு நூற்றுக்கு 44, பிராக்கா-2 பழுதுள்ளவர்களுக்கு 17 என்று 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. நோயை வரவழைத்த அதே பழுது சிகிச்சைக்குக் கைகொடுக்கவும் செய்கிறது. பழுதுபார்க்கத் தெரியாத செல்லைப் பிளாட்டினம் வகை கீமோ எளிதில் கொல்லும். பார்ப் தடுப்பான் என்ற மாத்திரை வகை, செல்லிடம் மிச்சமிருக்கும் மாற்று வழியையும் அடைத்துவிடும். அந்த வகையைச் சேர்ந்த ஒலாபரிப்பைப் பிராக்கா பழுதுள்ள 391 பெண்களை வைத்துச் சோதித்த சோலோ-1 ஆய்வு 2018இல் வெளிவந்தது. முதல் சிகிச்சை முடிந்ததும் இரண்டு ஆண்டு அதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதோ இறப்பதோ நேரும் ஆபத்து நூற்றுக்கு எழுபது அளவு குறைந்திருந்தது. இந்த நோயில் இவ்வளவு பெரிய மாற்றம் அதற்கு முன் பல பத்தாண்டுகளாக வந்ததில்லை. அந்த மாத்திரைக்குத் தகுதி யாருக்கு என்று சொல்வதில் இந்த ரத்தப் பரிசோதனைக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் பக்கத்துக்கு இது அந்நியமான விஷயமும் இல்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க் குடும்பங்களில் பிராக்கா-1 பழுதைத் தேடி, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2002இலேயே வெளிவந்துவிட்டது. அடுத்த ஆண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்தார் தென்னிந்தியக் குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாக உள்ளதென்று உலகம் அறிந்திருந்த 185 டெல் ஏஜி என்ற பழுது தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஓர் இந்தியக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியிருக்கிறது என்று 2007இல் ஒரு கட்டுரை காட்டியது. இந்தியாவின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு பிராக்கா பழுது இருந்தது.

நான்கில் ஒருவர் என்ற எண்ணிக்கையைப் பார்த்த பிறகும் குடும்ப வரலாற்றை வாயில்காப்பாளனாக நிறுத்தி வைப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 1,001 பெண்களைச் சோதித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், பழுது இருந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்று சொன்னவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பக்கத்துக் குடும்பத்தில் அந்தக் கேள்வி இன்னும் மோசமாகத் தோற்கும். இரண்டு தலைமுறைக்கு முன்னால் வயிறு வீங்கி இறந்த பாட்டிக்கு வந்தது மகோதரம் என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது கல்லீரலால் வந்த நீரா, சினைப்பையால் வந்த நீரா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பழுது அப்பா வழியாகவும் வரும். அப்பாவுக்குச் சினைப்பை கிடையாது, அவருக்கு அக்கா தங்கையும் இல்லையென்றால் அந்த வழியில் தடயமே தெரியாமல் போகலாம். ‘அம்மைக்கு உண்டா, சித்திக்கு உண்டா’ என்று கேட்பவர்கள் அத்தையை விட்டுவிடுகிறார்கள். சினைப்பையின் மேலுறையில் தொடங்கும் புற்றுநோய் என்று தெரிந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், குடும்ப வரலாறு எதுவானாலும், அப்போதே பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020இல் வகுத்தது. நமக்கும் அதுதான் பொருந்தும்.

இனி மூளை. பிராக்கா பழுதுள்ளவர்களுக்கு நோய் மூளைக்குப் போவது கூடுதலா என்று அறிய அமெரிக்க மருத்துவமனைகள் சில தங்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தன. 2019இல் வெளிவந்த ஒரு கட்டுரை கூடுதல்தான் என்றது. அதே ஆண்டின் இன்னொரு கட்டுரை வேறொன்றைக் கவனித்தது: மூளைக்குப் பரவிய பிறகும் பிராக்கா பழுதுள்ள பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், பழுது இருந்தால் மூளைக்குப் போகும் என்று எழுதிவிட முடியாது. இந்தப் பெண்களின் நோய் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது, அதனால் அவர்கள் கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார்கள், அந்த ஆண்டுகளில்தான் மூளைக்குப் போக நோய்க்கு அவகாசம் கிடைத்திருக்கலாம். போதாததற்கு, பழைய பதிவேடுகளில் மரபணு பார்க்கப்பட்டவர்கள் யார்? வயது குறைந்தவர்கள், குடும்பத்தில் நோய் இருந்தவர்கள், நீண்ட நாள் வைத்தியத்தில் இருந்தவர்கள். சில பத்துப் பேரின் கணக்கு அது. அதைக் காட்டி ஒரு பெண்ணிடம் ‘உங்களுக்கு மூளைக்குப் போக வாய்ப்பு அதிகம்’ என்று சொல்லி அனுப்புவது அறிவியலாகாது. அது வீண் பயத்தை ஏற்றும் காரியம்.

ரிப்போர்ட்டை முன்னுணர்த்தும் கருவியாக்குவது ஒரு தவறு என்றால், மூளையில் கட்டி வந்த பிறகும் அந்தத் தாளையே கட்டியின் அடையாளமாக எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. இங்கே 185 டெல் ஏஜியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பழுதில் பிராக்கா-1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. இரண்டு விடுபட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மூன்றும் பிசகி, புரதம் பாதியிலேயே நின்றுபோகும். கீமோவின் தாக்குதலில் பல கோடி புற்றுச் செல்கள் அழிகின்றன. ஏதோ ஒரு செல்லில் மட்டும், விடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில் இன்னோர் எழுத்தும் தற்செயலாக விடுபட்டுப்போகிறது. இப்போது விடுபட்டவை மூன்று; அதற்கு அப்பால் உள்ள எழுத்துகள் மறுபடி சரியாகப் படிக்கப்படுகின்றன, ஏறக்குறைய முழுமையான புரதம் உருவாகிறது, செல்லுக்குப் பழுதுபார்க்கும் திறன் திரும்பிவிடுகிறது. அந்தச் செல்லின் வாரிசுகளிடம் பிளாட்டினமும் எடுபடாது, ஒலாபரிப்பும் எடுபடாது. இப்படி நடக்கிறது என்பதை 2008லேயே இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டிவிட்டன. இத்தனை நடந்த பிறகும் அந்தப் பெண்ணின் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் அதே 185 டெல் ஏஜிதான் வரும். ரத்தம் சொல்வது அவர் பிறந்தபோது பெற்ற மரபணுவை. கட்டியோ அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு வரலாற்றைச் சேர்த்துக்கொண்டது.

மூளைக்குப் போன கட்டியின் வரலாறு இன்னும் தனியானது. பல உறுப்புகளில் தொடங்கி மூளைக்குப் பரவிய 86 பேரின் புற்றுநோயை, மூலக் கட்டியோடு வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் மூளைக் கட்டியில், மருந்துத் தேர்வை மாற்றக்கூடியதும் மூலக் கட்டியில் எடுத்த மாதிரியில் காணப்படாததுமான மரபணு மாற்றம் ஒன்றாவது இருந்தது. நுரையீரலும் மார்பகமும் மிகுதியாக இருந்த தொகுப்பு அது. சினைப்பைக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனாலும் மூளைக் கட்டி மூலக் கட்டியின் நகல் அல்ல என்ற எச்சரிக்கையை ஒதுக்க முடியாது. மருந்து மூளைக்குள் போய்ச் சேருமா என்பது அடுத்த சிக்கல். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர்களில், உள்ளே நுழையும் அந்நியப் பொருளைப் பிடித்து வெளியே தள்ளும் புரதங்கள் இருக்கின்றன. ஒலாபரிப் அவற்றிடம் மாட்டிக்கொள்ளும் மருந்து. அதே வகையைச் சேர்ந்த நிராபரிப் அதைவிட நன்றாக உள்ளே போகிறது என்பது விலங்குகளில் கண்டது. ஆக, ‘பிராக்கா பாசிட்டிவ், எனவே ஒலாபரிப்’ என்ற ஒற்றை வரி வயிற்றுக்குச் சரியாக இருந்து மூளைக்குத் தவறாகிப் போகலாம்.

களியக்காவிளை போன்ற தமிழக-கேரள எல்லையூரில் இந்தச் சிக்கல் மரபணுவோடு நிற்பதில்லை. இங்கிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். சென்னை எழுநூறுக்கு மேல். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தும் புற்றுநோய் என்றால் பஸ் மேற்கேதான் போகிறது. ஆபரேஷனும் கீமோவும் அங்கே என்றால், இரண்டு ஆண்டு கழித்து வரும் தலைவலிக்கு யாரும் உடனே அங்கே ஓடுவதில்லை. முதலில் கண் டாக்டர், பிறகு மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக், வாந்தி சேர்ந்தால் கியாஸ் மாத்திரை. வயிறு ஸ்கேனில் சுத்தமாக இருக்கிறது, சி.ஏ.125 என்ற ரத்தக் குறியெண் சரியாக இருக்கிறது என்ற நிம்மதியும் உண்டு. மூளையில் மட்டும் திரும்பிய நோயில் அந்த எண் சில சமயம் ஏறாது என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. நடை தள்ளாடிய பிறகோ கை ஒருபக்கம் இழுத்த பிறகோதான் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது. அப்போது கையில் இருக்கும் கோப்பில் டிஸ்சார்ஜ் சுருக்கம் இருக்கும், பில்கள் இருக்கும். மரபணு ரிப்போர்ட் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்.

அப்படியானால் பிராக்கா பழுதுள்ள எல்லாருக்கும் ஆண்டுதோறும் மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே என்ற யோசனை இயல்பாக எழும். நான் அதை ஏற்கவில்லை. நூற்றுக்கு ஒன்றிரண்டாக இருப்பது சிலரிடத்தில் சற்றுக் கூடினாலும், மீதிப் பேருக்கு அந்தப் படம் செலவும் மனக் கலக்கமும்தான். அப்படித் தேடுவதால் ஆயுள் நீள்கிறது என்பதற்குச் சான்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் வீட்டாருக்கும் ‘புதிதாகத் தலைவலியோ தள்ளாட்டமோ வந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் இங்கே வாருங்கள்’ என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி எழுதிக்கொடுப்பது எத்தனையோ மேல்.

செலவைச் சொல்பவர்களின் வாதம் கனமானது. மாத்திரை வாங்க முடியாத பெண்ணுக்குப் பரிசோதனை எதற்கு என்கிறார்கள். அந்த மாத்திரை இல்லையென்றாலும் ரிப்போர்ட்டுக்குப் பயன் உண்டு: அது மகளுக்கும் தங்கைக்கும் உரியது. பிராக்கா-1 பழுதுள்ள பெண், பிள்ளைப் பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிட்டால் ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. நோயாளியிடம் பழுது எது என்று தெரிந்துவிட்டால், உறவினரிடம் அந்த ஒரு பழுதை மட்டும் தேடினால் போதும், செலவும் குறைவு. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற அச்சமும் பொய்யில்லை. மரபணுவைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டம் இந்நாட்டில் இல்லை. ஆனால் ரகசியம் காப்பது மருத்துவமனையின் கடமை என்று வலியுறுத்துவதுதான் இதற்கு வழி; தங்கைக்குத் தெரியாமலே விட்டுவிடுவது வழியாகாது.

நம் கடலோரத்தில் இன்னொரு விடையும் தயாராக இருக்கிறது: மணல். மணவாளக்குறிச்சி மணலில் உள்ள கதிரியக்க மோனசைட்டைச் சொல்லி எல்லாப் புற்றுநோயையும் அதன் தலையில் கட்டுவது எளிது. அதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. மணல் அள்ளுவதை எதிர்க்க வேறு நியாயங்கள் உண்டு. ஆனால் ஒரு வீட்டில் தாயும் மகளும் அடுத்தடுத்து விழும்போது மணலைச் சுட்டிக்காட்டி நின்றுவிட்டால், இரண்டாவது மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பரிசோதனை கைநழுவிப் போகும்.

மூளைக் கட்டியை மறுபடி சோதிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் வரம்பு உண்டு. பல இடங்களில் கட்டி இருந்து கதிர்வீச்சு மட்டும் கொடுக்கப்படுபவர்களிடம், சோதனைக்காகவே மண்டையைத் திறக்கச் சொல்ல முடியாது. ஒற்றைக் கட்டியை அறுவை செய்து எடுக்கும்போது நிலைமை வேறு. திசு ஏற்கெனவே மெழுகுக் கட்டியில் பதிந்து நோய்க்குறியியல் துறையின் அலமாரியில் இருக்கிறது. சினைப்பையிலிருந்து வந்ததுதானா என்று உறுதிசெய்வதோடு இன்று அதன் வேலை முடிந்துவிடுகிறது; பிராக்கா திரும்பச் சரியாகிவிட்டதா, மருந்து பிடிக்கக்கூடிய வேறு மாற்றம் உண்டா என்று அதே திசுவிடம் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது ‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்ற விடையும் அடிக்கடி வரும். உலகின் மரபணுத் தரவுத்தளங்களில் நம் மக்களின் பதிவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அந்த விடையை வைத்து யாருடைய சினைப்பையையும் எடுக்கக் கூடாது, மருந்தையும் நிறுத்தக் கூடாது. பதிவு கூடக் கூட அது நல்லதா கெட்டதா என்று பிறகு தெரியவரும். தெரிந்த அன்று அந்தக் குடும்பத்தைத் தேடிச் சொல்ல, எல்லைக்கு இந்தப்புறம் உள்ள ஒரு முகவரியும் போன் நம்பரும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.