கந்தரோடை ஓடுகளும் எமது ஊர் மலர்களும்

பாடசாலை மலர்களிலும் கும்பாபிஷேக மலர்களிலும் ஊர் வரலாறு எழுதுவது யாழ்ப்பாணத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. மருதனார்மடத்திலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்திலுள்ள கந்தரோடை அவற்றில் அடிக்கடி இடம்பெறும். உரோமர் அங்கு வந்து வாணிபம் செய்தனர், உரோம மட்பாண்டங்களே அதற்குச் சான்று என்பது அக்கட்டுரைகளின் வழமையான கூற்று. ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிதில் நானும் அதை ஒரு மலரில் எழுதினேன். கரும்பலகையிலும் எழுதினேன். அக்கூற்று திருத்தப்பட வேண்டும் என்பதே என் இன்றைய கருத்து.

சான்றுகளைப் பார்ப்போம். போல் ஈ. பீரிஸ் 1917 அளவில் கந்தரோடையில் செய்த ஆய்வுகளில் உரோம நாணயங்களும் இந்திய அச்சுக்குத்து நாணயங்களும் கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழுவினர் அகழ்ந்தபோது ரௌலட்டட் மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. இவை பெரும்பாலும் சாம்பல் அல்லது கறுப்பு நிறத் தட்டுகள். உட்புற அடியில் சிறு புள்ளிகள் வட்டம் வட்டமாக ஓடும். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர் இவற்றை மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவையாகக் கருதினார். எமது மலர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

ஆய்வு அங்கு நிற்கவில்லை. வட இலங்கையிலும் கள ஆய்வு செய்த விமலா பெக்லி, 1983இல் அரிக்கமேட்டுச் சான்றுகளை மீளாய்ந்து, இத்தட்டுகள் இந்தியாவிலேயே வனையப்பட்டவை, உரோம வாணிபம் பெருகுமுன்பே புழங்கியவை என வாதிட்டார். 1997இல் வெளிவந்த கனிம ஒப்பீட்டு ஆய்வொன்று, களிமண் வங்கத்தின் கங்கைக் கழிமுகப் பகுதிக்குரியது என்றது. பாலித் தீவின் செம்பிரானிலும் இதே வகை ஓடுகள் கிடைத்துள்ளன. ஆகவே வங்கம், தமிழகக் கரை, இலங்கை, பாலி எனத் தொடர்ந்த ஆசியக் கடல்வழிக்கே இவை சாட்சி.

நாணயங்கள் இருக்கின்றனவே எனலாம். இலங்கையில் கிடைத்த உரோம நாணயங்களில் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள். காசு பல கை மாறி வரும். மருதனார்மடம் சந்தையில் அமெரிக்க அப்பிள் விற்றால், அமெரிக்கர் இங்கு வந்து கடை விரித்தார் என்று எவரும் எழுதமாட்டார். அது புறக்கோட்டையில் கைமாறி லொறியில் வந்தது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

உரோம வாணிபத்தை நான் மறுக்கவில்லை. அரிக்கமேட்டின் அம்போராச் சாடிகள் மெய்யாகவே மத்தியதரையிலிருந்து வந்தவை. எனது குறை வேறு. வெள்ளைக்காரன் வந்தால்தான் ஊருக்குப் பெருமை என்ற எண்ணம் அந்தக் கூற்றுக்குள் இருக்கிறது. தட்டை வனைந்த வங்கத்துக் குயவனும், அதை ஏற்றி இறக்கிய கரையோர மாலுமியும் அதில் காணாமற் போகின்றனர். இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு இந்த இழப்பு புதிதல்ல. இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றையும் அறபுக் கப்பலோடு தொடங்கி அதோடே முடித்துவிடுவோர் உளர். காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இங்கிருந்த தோணிப் போக்குவரத்து அங்கும் விடுபட்டுப் போகிறது.

அடுத்த மலருக்கும் என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். என் பழைய கூற்றைத் திருத்தியே கொடுப்பேன்.