டிக்கன்ஸ் பெயரில் ஒரு குடோன்

லண்டனுக்குப் போனால் டவர் பிரிட்ஜ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வீர்கள். எல்லோரும் செய்வதுதான். எடுத்து முடித்ததும் பஸ் பிடித்து ஓடிவிடாதீர்கள். பாலத்தின் வடகரையிலிருந்து கிழக்கே ஐந்து நிமிஷம் நடந்தால் செயின்ட் கேத்தரின் டாக்ஸ். தேம்ஸ் தண்ணீரை மதகு வழியாக உள்ளே விட்டு, கரையோரமாக வெட்டிய கப்பல் குளம். ஒரு காலத்தில் சரக்குக் கப்பல்கள் நின்ற இடத்தில் இப்போது வெள்ளை வெளேரென்று உல்லாசப் படகுகள். அந்தத் தண்ணீர் ஓரத்தில் மூன்று அடுக்கு மரக் கட்டடம் ஒன்று. மாடிக்கு மாடி நீளமான பால்கனி, பால்கனி முழுக்கத் தொங்கும் பூக்கூடைகள். பெயர், 'டிக்கன்ஸ் இன்'. குடோனாக இருந்து பப்பாக மாறிய கட்டடம்.

சும்மா சொல்லக்கூடாது, அழகு. உள்ளே போனால் தலைக்கு மேல் தடித்தடியான உத்திரங்கள். இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற அளவுக்குத் தூண்கள். பப் என்றதும் கண்ணைக் குத்துகிற விளக்கும் காதைக் கிழிக்கிற பாட்டும் நினைவுக்கு வந்தால் அதை உடனே மறந்துவிடுங்கள். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பொது வீடு. தாத்தா, பேத்தி, நாய்க்குட்டி எல்லோரும் வருவார்கள். மேஜைக்கு வந்து ஆர்டர் எடுப்பார்கள் என்று பலர் மணிக்கணக்கில் காத்திருப்பதுண்டு. பெரும்பாலான பப்களில் அது நடக்காது. நாமே கவுன்ட்டருக்குப் போய், காசைக் கொடுத்து, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. குடிக்காதவர்கள் எலுமிச்சை சோடாவுடன் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு படகுகளைப் பார்த்தபடி ஒரு மத்தியானத்தைக் கழிக்கலாம். கழித்தேன்.

இத்தனையும் சொல்லிவிட்டு இப்போது ஒரு சண்டை. பீரோடு அல்ல, மீனோடும் அல்ல. 'பாரம்பரியம்' என்கிற வார்த்தையோடு.

என்னை அங்கே கூட்டிப் போனவர் லண்டன்வாசியான நண்பர். "இது ரொம்பப் பழசுங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "மரம் பழசு சார். மத்ததெல்லாம் என் வயசுதான்."

அவர் சொன்னது சரி. இதன் எலும்புக்கூடு பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக் கிடங்கு. தேயிலை வைத்திருந்தார்கள் என்பார் சிலர், பீர் ஆலைக்குச் சொந்தமாக இருந்தது என்பார் சிலர். வெளியே செங்கல் சுவர் மூடிக்கொண்டதால், உள்ளே இப்படியொரு மரக்கூடு இருப்பதே மறந்துபோயிருந்தது. 1970களில் இந்த இடத்தைத் திருத்தி அமைக்கும்போதுதான் அது வெளிப்பட்டது. நிற்கிற இடம் புதுத் திட்டத்துக்கு இடைஞ்சல். இடித்துத் தள்ளவில்லை, சுமார் 70 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1976-இல் சார்லஸ் டிக்கன்ஸின் கொள்ளுப்பேரன் செட்ரிக் டிக்கன்ஸ் வந்து திறந்துவைத்தார்.

இதுவரை சந்தோஷம். ஆனால் நகர்த்தியவர்கள் அதைக் கிடங்காகவே நிறுத்தவில்லை. பால்கனிகளைச் சேர்த்து, பழைய காலத்துக் குதிரை வண்டிச் சத்திரமாக ஜோடித்துவிட்டார்கள். கிடங்குக்கு எதற்கு பால்கனி? தேயிலைப் பெட்டி வெளியே வந்து காற்று வாங்குமா?

அசல் பால்கனிச் சத்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் தேம்ஸைத் தாண்டித் தென்கரைக்குப் போக வேண்டும். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கத்தில் 'ஜார்ஜ் இன்'. 1676 தீ விபத்துக்குப் பிறகு திருப்பிக் கட்டியது. லண்டனில் மிஞ்சியிருக்கிற கடைசி பால்கனிச் சத்திரம் அதுதான். முற்றத்தைச் சுற்றி நின்ற கட்டடத்தில் இப்போது ஒரு பக்கம் மட்டும்தான் பாக்கி. மற்றதை ரயில்வே கம்பெனி 1889-இல் இடித்தது. எதற்கு? கிடங்கு கட்ட. ஒரு நூற்றாண்டில் சத்திரத்தை இடித்துக் கிடங்கு. அடுத்த நூற்றாண்டில் கிடங்கைத் திருத்திச் சத்திரம். லண்டன் எப்போதும் அன்றன்றைக்கு எது காசு தருமோ அதைக் கட்டியிருக்கிறது. பாரம்பரியம் என்றால் அதுதான் அந்த ஊரின் பாரம்பரியம்.

இந்த டாக்ஸே அப்படி வந்ததுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு ராணி நிறுவிய செயின்ட் கேத்தரின் தர்ம ஆஸ்பத்திரி இங்கே இருந்தது. அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ஏழை ஜனங்கள். 1820களில் வியாபாரிகளுக்குக் கப்பல் நிறுத்த இடம் போதவில்லை. சுமார் 1,250 வீடுகளை இடித்தார்கள். ஆஸ்பத்திரியையும் இடித்தார்கள். 11,300 பேர் வெளியேற வேண்டியிருந்தது. சொத்து வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு? மூட்டையைக் கட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான். 1828-இல் டாக்ஸ் திறந்தது. திட்டம் தாமஸ் டெல்ஃபோர்டு. கிடங்குகளை வடிவமைத்தவர் ஃபிலிப் ஹார்ட்விக். கப்பலிலிருந்து இறக்கிய சரக்கு நேராகக் கிடங்குக்குள் போகிற மாதிரி, தண்ணீர் விளிம்பிலேயே கிடங்குகளை எழுப்பினார்கள். நடுவில் வைக்கிற செலவு மிச்சம், திருட்டும் குறைவு. கெட்டிக்காரத்தனம்தான்.

தந்தம், சாயம், வாசனைத் திரவியம், சர்க்கரை, தேயிலை. எல்லாம் விலை உயர்ந்த சரக்கு. 1870களிலிருந்து லண்டனுக்கு இலங்கைத் தேயிலையும் வர ஆரம்பித்தது. அதைப் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து மலையகத்துக்குப் போன கைகள். பெட்டியின் ஒரு முனையில் நம் ஜனங்கள், மறுமுனையில் லண்டன் கூலிகள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்ததில்லை.

லண்டன் கூலியின் பிழைப்பு எப்படி? விடிகாலையில் டாக்ஸ் வாசலில் கும்பலாக நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து கை காட்டுகிற ஆளுக்கு வேலை. சில சமயம் இரண்டே மணி நேர வேலை. மற்றவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான். 1889-இல் பொறுமை தீர்ந்தது. மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு லண்டன் துறைமுகமே ஸ்தம்பித்தது. ஐந்து வாரம். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் 30,000 பவுண்டுக்கு மேல் திரட்டி அனுப்பினார்கள். கடைசியில் ஜெயித்தார்கள். ஜார்ஜ் சத்திரத்தை இடித்த அதே வருஷம்.

சரி, பப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். 'நதிக்கரைப் பாரம்பரிய பப்' என்றதும் கணப்பு அடுப்பும் செப்புப் பாத்திரங்களும் கண்ணில் தெரிகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேம்ஸ் கரை பப் வேறொரு வேலையும் செய்தது. கப்பலிலிருந்து நிலக்கரி இறக்குகிறவர்களுக்கு வேலை கொடுப்பதே பப்காரர்தான். கூலி பட்டுவாடாவும் அவர் கடையில். அவர் கடையில் நன்றாகக் குடிக்கிறவனுக்கு நாளைக்கும் வேலை, குடிக்காதவனுக்கு இல்லை. சம்பளம் கைக்கு வரும்போது பாதி ஏற்கெனவே பீராகி உள்ளே போயிருக்கும். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைக்கு மிச்சம். இதைத் தடுக்க 1843-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பப்பில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று பொதுவாக இன்னொரு சட்டம் வர 1883 ஆயிற்று. 'போர்ட்டர்' என்று ஒரு கறுப்பு பீர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் சுமைகூலிகள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர். பீர் இன்னும் கிடைக்கிறது. சுமைகூலியைக் காணோம்.

இப்போது பெயர்ப் பலகைக்கு வருவோம். எல்லாவற்றையும் மன்னிக்கலாம், இந்தப் பெயரை மட்டும் எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

சார்லஸ் டிக்கன்ஸின் வாழ்க்கையில் நதிக்கரைக் கிடங்கு ஒன்று வருகிறது. 1824. பையனுக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா கடன் கட்ட முடியாமல் மார்ஷல்சீ சிறைக்குப் போனார். பையனை ஹங்கர்ஃபோர்ட் படித்துறையில் பூட்ஸ் பாலிஷ் கம்பெனியின் கிடங்கில் வேலைக்கு விட்டார்கள். தண்ணீரை ஒட்டி இற்றுப்போன கட்டடம், உளுத்த தரை, அடியில் எலிகள். பாலிஷ் புட்டிகளுக்குக் காகிதம் சுற்றி, கட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். வாரத்துக்கு ஆறு ஷில்லிங். குடும்பத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் அப்பாவோடு சிறையிலேயே தங்க, பையன் மட்டும் வெளியே தனியாக.

அந்த அவமானத்தை அவர் கடைசி வரை ஆற விடவில்லை. உலகமே கொண்டாடிய எழுத்தாளர், தம் பிள்ளைகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. 1870-இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோதுதான் ஊருக்கே தெரிந்தது. பல வருஷங்கள் அந்தப் பக்கம் போகவே அவருக்குக் கால் வரவில்லை.

அந்த மனிதரின் பெயரை எடுத்து, நதிக்கரைக் கிடங்கு ஒன்றின் நெற்றியில் எழுதி, கீழே பூக்கூடை தொங்கவிட்டால் என்ன அர்த்தம்? பெயர் வைத்தவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. கொள்ளுத்தாத்தாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கும் என்று கொள்ளுப்பேரன் சொன்னதாகவும் சொல்வார்கள். பழசு என்றால் டிக்கன்ஸ், டிக்கன்ஸ் என்றால் கிறிஸ்மஸ், கிறிஸ்மஸ் என்றால் வியாபாரம். அவ்வளவுதான் யோசனை. எலியும் உளுத்த பலகையும் அந்தக் கணக்கில் வராது.

டிக்கன்ஸுக்கு பப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பப் பிடிக்கும். 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' நாவலில் தேம்ஸ் கரையோரம் சாய்ந்து நிற்கிற ஒரு பப் வருகிறது. அதற்கு அவர் வைத்த பெயரிலேயே சுமைகூலிகள் இருக்கிறார்கள்: 'சிக்ஸ் ஜாலி ஃபெலோஷிப் போர்ட்டர்ஸ்'. நடத்துகிறவர் ஒரு கண்டிப்பான முதலாளியம்மா. ராத்திரி பத்து அடித்தால் ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குத் துரத்துவார். டிக்கன்ஸ் காட்டுகிற பப்பின் அழகு உத்திரத்தில் இல்லை. அங்கே வருகிற ஆளைப் பெயர் சொல்லி அறிந்த அந்த அம்மாவிடம் இருக்கிறது. அதற்கு மாடலாக இருந்தது என்று பலரும் காட்டுகிற 'தி கிரேப்ஸ்' இதே கரையில் கிழக்கே லைம்ஹவுஸில் இருக்கிறது. சின்ன இடம். 2011-இல் அதை வாங்கியவர்களில் நடிகர் இயன் மெக்கெல்லன் ஒருவர்.

அப்படியானால் இந்த மரக் கிடங்கை என்னதான் செய்திருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. 1940 செப்டம்பரில் விழுந்த குண்டுகளில் கிழக்குக் குளத்தைச் சுற்றியிருந்த கிடங்குகள் எரிந்துபோயின. பிற்பாடு வந்த பெரிய கப்பல்களுக்கு மதகு போதாமல் 1968-இல் டாக்ஸையே மூடினார்கள். மிஞ்சிய கட்டடங்கள் பொறுக்குவாரற்றுக் கிடந்தன. ஹார்ட்விக்கின் அசல் கிடங்குகளே இடிபட்டு, அவற்றின் சாயலில் புது ஆபீஸ் கட்டடங்கள் எழுந்தன. அந்தச் சூழ்நிலையில் பப்பாக மாறியிருக்காவிட்டால் இந்த உத்திரங்கள் விறகாகப் போயிருக்கும். மியூசியமாக்கியிருக்கலாமே என்றால், மியூசியத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். பப்புக்குத் தினமும் ஜனம் வருகிறது. கட்டடம் உயிரோடு இருக்க மனித நடமாட்டம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். கிடங்கைக் கிடங்கு என்றே சொல்லுங்கள். இங்கே மூட்டை தூக்கினார்கள், இங்கே குடியிருந்தவர்களை விரட்டினார்கள், பக்கத்தில் கால் வயிற்றுக் கூலிக்குக் காத்து நின்றார்கள் என்று சொல்வதால் பீர் கசக்காது. ஏற்கெனவே கசப்புதான். பழசை இடிப்பவனிடமிருந்து காப்பாற்றுவது எளிது, பணம் இருந்தால் போதும். பழசை அழகாக்குகிறவனிடமிருந்து காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

மார்க் போடச் சொன்னால் இப்படிப் போடுவேன். மரத்தைக் காப்பாற்றியதற்கு முதல் வகுப்பு. தண்ணீர் ஓரத்து உட்காரும் சுகத்துக்கும் அதே. பால்கனிக்கு ஜஸ்ட் பாஸ். பெயர்ப் பலகை பெயில்.

ஆனாலும் போங்கள். போனால் முதலில் மெனு கார்டை ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து ஒரு தூணைத் தொட்டுப் பாருங்கள். இருநூறு வருஷத்துக்கும் மேல் பாரம் தாங்கிய மரம். அதற்குப் பக்கத்தில் சுமையோடு ஏறி இறங்கிய ஆட்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு தாராளமாகச் சாப்பிடுங்கள். பக்கத்து ஸ்டேஷன் டவர் ஹில். வெயில் நாளில் வெளி பெஞ்சு வேண்டுமென்றால் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே போய் இடம் பிடித்துவிடுங்கள்.