ஓடையோரத்து காம்பொனென்ட்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஜூன் மழை கண்ணாடியில் அறையும் மாலைகளில், எக்ஸ்எம்பிபி என்ற சாட் நெறிமுறையின் சர்வருக்கு காம்பொனென்ட் எழுதுவது தனிச் சுகம். சர்வரின் உள்ளே கைவைக்கவே வேண்டாம். பக்கத்தில் தனியாக ஓடும் சிறு நிரல், சர்வர் தந்த ஓடை (ஸ்ட்ரீம்) அடையாளத்தோடு தனக்குத் தெரிந்த ரகசியத்தைச் சேர்த்து ஒரு ஹாஷ் அனுப்பும். சரியென்றால் பதிலுக்கு வருவது ஒரேயொரு வெற்றுக் குறி. அந்தச் சிக்கனம் அழகு. சர்வர் ப்ரோசடியோ ஈஜாபர்டியோ, இந்தக் கைகுலுக்கல் மாறாது. பிறகு காம்பொனென்டின் முகவரிக்கு வருவதெல்லாம் அதன் பொறுப்பு: மெசேஜ், பிரசென்ஸ், ஐக்யூ என்ற மூன்றே வகை. ஐக்யூ கேள்வி கேட்டால், தெரியாதென்றாவது பதில் சொல்லியாக வேண்டும்.

பொறுமை தெரிவது, வரும் செய்தியைப் பிரித்துப் படிக்கும் பார்சரில். செய்தி முழுதாக வந்துசேரும் என்ற உறுதியில்லை. குறி பாதியில் அறுந்து நிற்கும். மலையாள எழுத்து யூடிஎஃப்-8இல் 3 பைட். அதில் 2 மட்டும் முதலில் வரலாம். நல்ல பார்சர் பதறாது, வந்ததைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மிச்சத்துக்குக் காத்திருக்கும். சாட் செய்பவருக்கு இதெல்லாம் தெரியவேண்டியதில்லை. அவர் அனுப்பிய சொல் ஓர் எழுத்தும் உடையாமல் போய்ச்சேர்வதே இந்த வேலையின் நேர்த்தி.