ஒன்றைத் தாண்டும் கொசைன்

கொசைனின் மதிப்பு 1-ஐத் தாண்டாது என்று பள்ளியில் படித்தோம். பழைய இன்டெல் கிராபிக்ஸ் சிப்புகளின் கொசைன் கட்டளை சில சமயம் தாண்டிவிடும். சில உள்ளீடுகளுக்கு விடை 1.000027 வரை போகக்கூடும் என்று, திறந்தமூல மேசா டிரைவரின் நிரலுக்குள்ளேயே குறிப்பு இருக்கிறது. அந்த விடையை வர்க்கப்படுத்தி, 1-இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுக்கும் ஷேடரின், அதாவது கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் நிரலின், கதி என்ன? எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டதாகிவிடும். கிடைப்பது எண்ணே அல்ல. அந்தப் பிக்சல் கெட்டது.

மேசாவின் ஷேடர் கம்பைலர் இதற்கு வைத்திருக்கும் மருந்து எளிது. வேண்டுவோர் இதற்கான விருப்பத்தை இயக்கினால், விடையை 0.99997-ஆல் பெருக்கிவிடும். செலவு ஒரே ஒரு பெருக்கல். வரம்பு மீறல் நிற்கிறது. அதிகபட்சப் பிழையும் 0.00006-இலிருந்து ஏறத்தாழ 0.00003-ஆகக் குறைகிறது. சிக்கனமான, புத்திசாலித்தனமான வேலை.

ஆனாலும் எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. சுழியக் கோணத்துக்குச் சிப் சரியாக 1 என்று தந்தாலும், வெளியே வருவது 0.99997. ஒரு வடிவத்தைச் சுழற்றி, வந்த விடையையே மறுபடி மறுபடி சுழற்றிக்கொண்டு போனால், 1,000 முறையில் இந்தப் பெருக்கலால் மட்டுமே அது கிட்டத்தட்ட 3 சதவீதம் சுருங்கிவிடும்.

வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தின் விதிமுறையோ −π முதல் π வரை சைன், கொசைனுக்குச் சுமார் 0.0005 பிழையை அனுமதிக்கிறது. அதன்படி 1.000027 குற்றமற்ற விடை. பிழை எவ்வளவு என்று மட்டும் அளக்கும் விதியின் குறை இதுதான். விடை எல்லைக்குள் நிற்கிறதா என்று அது கேட்பதே இல்லை.

பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைப்பதிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. தனித்தனியே செய்தால் விடை இரண்டு முறை தோராயமாக்கப்படும். இணைத்தால் ஒரே முறை. துல்லியமும் வேகமும் சேர்ந்து கூடும்போது கம்பைலர் அதைச் செய்வது நியாயமே. ஆனால் a×a − b×b என்ற கணக்கில் a-யும் b-யும் சமம் என்று வையுங்கள். ஒரு பெருக்கல் இணைப்புக்குள் முழுத் துல்லியத்தோடு இருக்கும். மற்றது 24 பிட்டுக்குச் சுருக்கப்பட்டிருக்கும். கழித்தால் சுழியம் வராமல் போகலாம், எதிர்ம எண்கூட வரலாம். ஒரே முனையின் இடத்தை இரண்டு ஷேடர்கள் கணக்கிட்டு, ஒன்றில் மட்டும் இணைப்பு நிகழ்ந்தால், பொருந்திப் படிய வேண்டிய பரப்புகள் மினுமினுக்கும்.

இதற்காகவே 2010-இல் ஷேடர் மொழியான ஜிஎல்எஸ்எல்லின் 4.00 பதிப்பு ‘பிரிசைஸ்’ என்ற குறிச்சொல்லைத் தந்தது. அதை இட்ட கணக்கைக் கம்பைலர் இணைக்காது, எழுதியபடியே விட்டுவிடும். தேவையான ஏற்பாடுதான், ஆனால் எந்த வரியில் ஆபத்து என்று முன்பே அறிந்தவருக்குத்தான் அது உதவும். சிப்புக்குள்ளேயே பிறக்கும் கொசைன் பிழைக்கு அதுவும் உதவாது.

கொசைனுக்கு நான் விரும்பும் வழி, விடையைப் பெருக்காமல் −1-க்கும் 1-க்கும் இடையில் கட்டி நிறுத்துவது. பெருக்கலுக்கு ஒரு கட்டளை என்றால் இதற்குப் பெரும்பாலும் இரண்டு வேண்டும். அதிகபட்சப் பிழையும் 0.00003 வரை இறங்காது. ஆனால் சரியாக வந்த 1, சரியாகவே வெளியே வரும்.