மூன்று சுரமும் பதினாறு மாத்திரையும்

பள்ளி பேண்டில் ஊதும் பியூகிளில் துளையும் கிடையாது, வால்வும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சாதாரணமாக எடுக்க முடிவது ஐந்து ஒலிகள். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயியைக் கழித்துவிட்டால் ச, க, ப என்று மூன்றே சுரங்கள்தான் மிஞ்சும். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்கும் குறைவில்லை, சுதந்திர தினத்துக்கு அணிவகுக்கும் பேண்டுகளுக்கும் குறைவில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, "நீயே ஒரு மெட்டுப் போடு" என்று சொல்வது சரிதானா?

மேல்நாட்டு இசைக் கல்வியில் இதற்குப் பெரிய செல்வாக்கு உண்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வகுத்த முறையில் குழந்தைகள் ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு தாங்களாகவே வாசிக்கத் தொடங்குகிறார்கள். நம் மோகனத்தைப் போன்ற அடுக்கு அது. எதை எதோடு சேர்த்தாலும் காதை உறுத்தாது. கூச்சப்படும் பிள்ளைக்கு இது துணிச்சல் தரும், மறுக்கவில்லை. ஆனால் தப்பே வராத இடத்தில் நல்லது எது என்று பிள்ளை எப்படிக் கண்டுகொள்ளும்? எட்டு இடங்களை ஐந்து சுரங்களால் நிரப்ப 3,90,625 வழிகள் இருக்கின்றன. அதில் ஏதோ ஒன்றைத் தாளில் எழுதிவிட்டு மெட்டு என்று நீட்டினால், வாத்தியார் "சபாஷ்" என்கிறார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கச் சொன்னால் வராது. போட்டவனுக்கே நினைவில் நிற்காததை மெட்டு என்று ஏற்க எனக்கு மனம் இல்லை.

தாளத்தில் கதை வேறு. அங்கே சரியும் தப்பும் கைமேல் தெரியும். ஆதி தாளத்தின் பிற்பாதி நான்கு அட்சரம். அட்சரத்துக்கு நான்காக 16 மாத்திரை. 'தகதிமி'யை மூன்று தடவை சொல்லி, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை விட்டால் 4+2+4+2+4, கணக்கு 16. அடுத்த அடி, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் போய் விழும். அணிவகுப்பில் அது இடது காலாகவே இருக்கும்! இப்போது 'தகதிமி'யை எடுத்துவிட்டு 'ததிகிணதொம்' என்று ஐந்தைப் போட்டால், இடைவெளியே இல்லாமல் 15 வருகிறது. ஒன்று உதைக்கிறது. ஒரு மாத்திரை தள்ளி எடுப்பதா, சொல்லையே மாற்றுவதா என்று ஏழாம் வகுப்புப் பையன் விரலை மடக்கத் தொடங்கும்போது அவன் இசையமைக்கிறான். பெரிய தவில் வித்துவான் கோர்வை கட்டும்போது செய்வதும் இந்த வேலைதான். அளவு மட்டும் பெரிது. சைடு டிரம் அடிக்கிற பிள்ளைக்கு இந்தச் சொற்கட்டைச் சொல்லிக்கொடுத்த பேண்டு மாஸ்டர்கள் அபூர்வம். தவில் கோயிலோடு, டிரம் பள்ளியோடு என்று பிரித்துவைத்த வழக்கத்துக்கு நான் அறிந்தவரை இசை சார்ந்த காரணம் எதுவும் இல்லை.

சம்பிரதாயக்காரர்களின் எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் எல்லாம் கடந்த பிறகே கற்பனைச் சுரம். கேள்வி ஞானம் இல்லாமல் கற்பனை ஏது என்பார்கள். தாமிரபரணிக் கரை தந்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் கற்றவர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஒலிக்கும் அவருடைய நாகஸ்வரம் வெறும் சுரக் கணக்கில் பிறந்ததல்ல. குருவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊறிய காது அது. உண்மைதான். ஆனால் வாரத்துக்கு ஓரிரண்டு பீரியட் மட்டும் கிடைக்கிற பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு வாய்க்காது. வர்ணம் முடியட்டும் என்றால் பள்ளிப் படிப்பே முடிந்துவிடும்.

நடுவழி ஒன்றை முத்துசுவாமி தீட்சிதரே காட்டியிருக்கிறார். இளமையில் மணலியில் இருந்தபோது ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நாற்பதை ஒட்டி வரும் அந்த நோட்டு சுர உருப்படிகள் சங்கராபரணத்தில் அமைந்தவை. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டுக்கூட அவற்றில் உண்டு. 1835இல் அவர் மறைந்தது பழைய திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரத்தில். கேட்ட மெட்டில் சொல்லை ஏற்றுவது மெட்டமைப்பது ஆகாது என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். இருந்தாலும் நீட்டல், குறுக்கல், நிறுத்தம் மூன்றும் பிடிபட இதைவிட நல்ல பயிற்சி தெரியவில்லை. அடுத்த படியாக, தெரிந்த மார்ச் ஒன்றின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியை மட்டும் பிள்ளை மாற்றட்டும். பியூகிளின் மூன்று சுரங்களுக்குள் மாற்ற வேண்டுமானால் தாளத்தை மாற்றுவது தவிர அதிகம் வழியில்லை. வறுமை போலத் தோன்றும் கருவி இங்கே உதவிக்கு வருகிறது.

ஒரு குறை மட்டும் இதிலும் தீராது. எழுத்தில் அடங்கும் சுரங்களில், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகம் இருக்காது. நோட்டு சுரத்தோடு நின்றுவிடும் பிள்ளைக்கு, கமகத்தாலேயே உருப்பெறும் தோடி ராகம் என்றைக்கும் எட்டாது. அதற்கு வாய்ப்பாட்டும் ஒரு குருவும் வேண்டும். பேண்டு அறையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மதிப்பெண் போடாமல் இருந்தால் இந்த முறை பிழைக்கும். பிள்ளை கட்டியதை மற்றப் பிள்ளைகள் வாசித்துப் பார்க்கட்டும். கால் தடுமாறினால் அவர்களே சொல்லிவிடுவார்கள். தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும் ஆண்டு விழாவில் விருந்தினரை அழைத்துவரும் மார்ச்சுக்கு நடுவே, உங்கள் பிள்ளைகள் கட்டிய 16 மாத்திரைக்கும் இடம் கொடுங்கள்.