ஓடும் இழைக்கு விலக்கு

பழவேற்காட்டுக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. மீன்வளம் தேறட்டும் என்பதற்காக. கட்டுமரத்துக்கும் நாட்டுப் படகுக்கும் தடையில்லை. ஜாவா நிரல் தன் நினைவகத்தைக் கூட்டிப் பெருக்கும்போதும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்: கார்பேஜ் கலெக்டர் எல்லா த்ரெட்களையும், அதாவது இழைகளையும், நிறுத்திவிடும். சி மொழிக் குறியீட்டுக்குள் இருக்கும் இழை மட்டும் ஓடலாம். ஆனால் கலெக்டரின் வேலை முடியுமுன் ஜாவாவுக்குத் திரும்பினால் வாசலிலேயே நிற்க வேண்டும்.

இந்த நிறுத்தத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். அந்தக் குறை இப்போது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இழைகள் ஓடும்போதே துப்புரவு செய்யும் வழியை 1978-இலேயே டைக்ஸ்ட்ரா, லாம்போர்ட் முதலியோர் எழுதினர். ஜாவாவின் இசட்ஜிசி என்னும் கலெக்டரில் நிறுத்தம் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. அதற்கு விலையாக, ஒவ்வொரு சுட்டியைப் படிக்கும்போதும் ஒரு சிறு சோதனை. கோ மொழியில் வேறொரு வேடிக்கை இருந்தது. ஃபங்ஷன் எதையும் அழைக்காமல் சுழலும் ஒரு லூப்பை நிறுத்த முடியாது. அது முடியும்வரை மற்ற எல்லா இழைகளும் கைகட்டி நிற்கும். 2020-இல் வந்த 1.14 பதிப்புதான் அதைச் சரிசெய்தது.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. எது குப்பை என்பதை, இன்னும் முடியாத இழைகளிலிருந்து எட்ட முடிகிறதா என்று பார்த்தே கலெக்டர் முடிவு செய்கிறது. ஆகவே இழை தானே குப்பையாவதில்லை. அதன் கையில் இருப்பதும் குப்பையாவதில்லை. வேறு யாருக்கும் தெரியாத சேனல் ஒன்றில் ஒருபோதும் வராத செய்திக்காகக் காத்திருக்கும் கோரூட்டீன் (கோ மொழியின் இழை), நிரல் முடியும்வரை நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

அதற்காக இழையைக் கொன்றுவிடலாம் என்பதும் தீர்வல்ல. வேலையின் நடுவே நிறுத்தினால் தரவு பாதி மாறியும் பாதி மாறாமலும் கிடக்கும். இழையை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஜாவா 1998-இலேயே சொல்லிவிட்டது. அந்த எச்சரிக்கை சரியானதே. இனி எழுப்ப யாருமே இல்லை என்று உறுதியாகத் தெரியும் இழையையும் தொடாமல் விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

உங்கள் நிரலில் நினைவகம் வீங்கிக்கொண்டே போனால், கலெக்டரின் அமைப்புகளைத் திருகும் முன் இன்னும் முடியாத இழைகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.