கசிவைச் சொன்னவர் தலையிலேயே செலவு

நிலத்துக்கடியில் புதைத்த பெட்ரோல் தொட்டி கசிந்தால், அதை முதலில் அறியக்கூடியவர் நிலையத்தை நடத்துபவர்தான். தொட்டிக்குள் அளவுகோலை இறக்கிப் பார்த்த இருப்பும் பம்பு மீட்டர் காட்டும் விற்பனையும் ஒத்துப்போகவில்லை என்று வையுங்கள். ஆவியாகியிருக்கலாம், டேங்கர் லாரி குறைத்து இறக்கியிருக்கலாம், வெயிலில் விரிந்த எண்ணெய் மண்ணுக்கடியில் சுருங்கியிருக்கலாம். கசிவாகவும் இருக்கலாம். அந்தக் கடைசிச் சந்தேகத்தைத் துருவிப் பார்ப்பதால் மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு நிலைய முதலாளிக்கு என்ன ஆதாயம்? 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 24ஆவது பிரிவு மண்ணை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. 47ஆவது பிரிவின்படி, அரசு செய்த துப்புரவுச் செலவை மாசுபடுத்தியவரிடமே வசூலிக்கலாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சில குற்றங்களுக்கான அபராதத்தை 1 கோடி வெள்ளி வரை ஏற்றிவிட்டது. உண்மையைச் சொல்பவர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்கட்டும் என்பது நியாயமே. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் மின்நிலைய நிறுவனத்தை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. கிணற்று உரிமையாளர் ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். அங்கே வாளி விட்டு நீர் இறைத்தவர்களே எண்ணெயைக் கண்டார்கள், அதனால் வழக்கு எழுந்தது. ஷா ஆலம் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயில் வருவதோ பெரும்பாலும் ஆற்றுநீர். ஷா ஆலம் மண்ணுக்குள் பெட்ரோல் பரவினால் முகஞ்சுளிக்கக்கூட ஆளில்லை. தெரிந்தவர் வாய் திறந்தால்தான் உண்டு. தண்டனையை மட்டும் நம்பும் சட்டம் அந்த வாயைத்தான் அடைக்கிறது.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் எரிபொருள் மீது சிறு கட்டணம் வசூலித்து நிதி திரட்டி, துப்புரவுச் செலவைத் திருப்பித் தருகின்றன. புளோரிடா 1986இல் தொடங்கிய திட்டத்தில், குறித்த காலத்துக்குள் கசிவைத் தெரிவித்தவர்களுக்கு அரசே கைகொடுத்தது. ஆயிரக்கணக்கான இடங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஆனால் முதலில் தோண்டிவிட்டுப் பிறகு பில் அனுப்பலாம் என்று விட்டதில் ஒப்பந்தக்காரர்கள் கொழித்தார்கள், நிதி கடனில் மூழ்கியது. 1995இல் அதை நிறுத்தி, மறு ஆண்டே முன்அனுமதி பெற்ற வேலைக்கு மட்டும் பணம் என்று மாற்றினார்கள். புளோரிடாவைக் காட்டித் திட்டமே கூடாது என்பவர்கள் இந்தப் பிற்பாதியைச் சொல்வதில்லை.

பெரிய எண்ணெய் நிறுவனங்களின் குப்பையை மக்கள் ஏன் கூட்ட வேண்டும் என்பது வலுவான கேள்வி. கூட்ட வேண்டாம். தொட்டி நிறுவனத்துடையது என்றால் செலவும் அதனுடையதே. சொந்தத் தொட்டி வைத்திருக்கும் சிறு நடத்துநரின் நிலை வேறு: விற்கும் விலையையும் கமிஷனையும் அரசே நிர்ணயிப்பதால், துப்புரவுச் செலவை அவர் விலையில் ஏற்ற முடியாது. உரிமையாளர் கைகழுவிவிட்டுப் போன நிலையங்களில் வசூலிக்கவே ஆளிருக்காது. மானிய விலையில் பெட்ரோல் விற்கும் நாட்டில் புதிய கட்டணம் எடுபடுமா என்றால், அமெரிக்க மத்திய அரசு கசிவுத் துப்புரவுக்கெனப் பிடிப்பது ஒரு கேலனுக்கு 0.1 சென்ட்தான்.

சுற்றுச்சூழல் நிதி என்ற ஏற்பாடு நம் சட்டத்திலேயே இருக்கிறது. தானாக முன்வந்து சொன்ன சிறு நடத்துநருக்கு, முன்அனுமதியோடும் உச்சவரம்போடும், முதல் பங்கை அவரே கட்டும் நிபந்தனையோடும், அதிலிருந்து செலவைத் திருப்பித் தர வழி செய்ய வேண்டும். 47ஆவது பிரிவு ஒளித்தவர்கள் மீது பாயட்டும்.